லவ்டேல் குளிரில் இருபது லிட்டர் தண்ணீர்

"வெந்நீர் வைக்கிறதுல என்னப்பா பெரிய வித்தை? அடுப்பப் பத்த வை, பாத்திரத்த ஏத்து, கொதிச்சா இறக்கு."

ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு மாமா மூன்று வருஷம் முன்னாடி வரைக்கும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவர் கடை மேட்டுப்பாளையத்தில் இருந்தது. மலை ஏறி வந்த முதல் ஜனவரியிலேயே அந்த வாயை மூடிக்கொண்டார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியும், அவருடைய கேஸ் அடுப்பைப் பற்றியும்.

நீலகிரி மலை ரயிலில் ஊட்டிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் வருவது லவ்டேல். 1858இல் ஆரம்பித்த லாரன்ஸ் பள்ளி இங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2200 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். டூரிஸ்ட்டுக்கு அது போட்டோ. டீக்கடைக்காரருக்கு அது தலைவலி. (இந்தத் தலைவலி விஷயம் பின்னால் நிஜமாகவே வரும்.)

மாமா கீழேயிருந்து கொண்டு வந்தது அதே ஹை பிரஷர் அடுப்பு, அதே அலுமினிய அண்டா, அதே 19 கிலோ நீலச் சிலிண்டர். கடைக் கவுண்டரில் நாலைந்து டீ ஆற்றும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒரு விசேஷத்துக்குக் காலை ஆறரை மணிக்கு 150 பேருக்கு டீ வேண்டும் என்று ஆர்டர் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். அஞ்சு மணிக்கு அண்டாவில் இருபது லிட்டர் தண்ணீரை ஏற்றினார். கீழே இருபத்தஞ்சு, முப்பது நிமிஷத்தில் தளதளவென்று கொதித்த அதே அண்டா, இங்கே நாற்பது நிமிஷம் ஆகியும் ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ரெண்டாவது அண்டா பாதியில் இருக்கும்போது அடுப்புத் தீ தானாக இறங்கி மஞ்சளாக ஆடியது. டீ ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் அந்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"சிலிண்டர்ல கேஸ் கம்மியா ஏத்தி ஏமாத்திட்டானுங்க" என்றார் மாமா. எடை போட்டுப் பார்த்தால் இன்னும் நாலு கிலோவுக்கு மேல் கேஸ் இருந்தது.

பொங்கல் லீவுக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்தான் அவருடைய தங்கை மகன். கல்லூரியில் பிசிக்ஸ் படிக்கிறவன். "மாமா, யாரும் ஏமாத்தல. மலைதான் ஏமாத்துது" என்றான். மாமா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார் :)

மலை எப்படி ஏமாற்றுகிறது?

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும் என்று எல்லாருமே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தோராயமாக 300 மீட்டருக்கு 1 டிகிரி. அப்படியானால் லவ்டேலில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, கிட்டத்தட்ட 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அப்படியென்றால் மலையில் சீக்கிரம் கொதிக்க வேண்டாமா? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. முடிகிற இடம் 7 டிகிரி கீழே வந்தது உண்மை. ஆனால் ஆரம்பிக்கிற இடம் அதைவிட அதிகமாகக் கீழே வந்துவிட்டது. சமவெளியில் குழாயில் வரும் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 100 வரைக்கும் ஏற்ற வேண்டியது 72 டிகிரி. லவ்டேலில் ஜனவரி காலையில் டிரம்மில் இருக்கும் தண்ணீர் 10 டிகிரி. அதை 93 வரைக்கும் ஏற்ற 83 டிகிரி வேண்டும். அதே இருபது லிட்டருக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் சூடு.

அடுத்தது அடுப்பு. ரெகுலேட்டரும் ஜெட்டும் அதேதான். ஆனால் காற்று மெலிந்த இடத்தில், ஜெட் வழியாக வெளியே வரும் கேஸும் மெலிந்துதான் வரும். குறைந்த அழுத்த அடுப்பில் எரியும் கேஸின் எடை பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலேயே குறைந்துவிடும். வேலை 15 சதவீதம் கூடியிருக்கிறது, தீ பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. ரெண்டையும் சேர்த்தால் நேரம் கால் பங்குக்கு மேல் கூடுதலாகும்.

மூன்றாவதுதான் பெரிய வில்லன். சிலிண்டர்.

சிலிண்டருக்கும் குளிரும்

சிலிண்டருக்குள் இருப்பது கேஸ் அல்ல, திரவம். புரப்பேன், பியூட்டேன் ரெண்டும் கலந்த கலவை. வால்வைத் திறந்ததும் மேலே இருக்கும் ஆவி வெளியே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழே இருக்கும் திரவம் ஆவியாகிறது. வியர்வை காயும்போது உடம்பு குளிர்வது போல, திரவம் ஆவியாகும்போது சிலிண்டரும் குளிர்ந்துகொண்டே போகும். அந்தச் சூட்டை அது எங்கேயிருந்து எடுக்கும்? சுற்றியிருக்கும் காற்றிலிருந்து, இரும்புச் சுவர் வழியாக. காற்றே ஜில்லென்று இருந்தால் என்ன கிடைக்கும்?

புரப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அதற்கு லவ்டேல் குளிர் ஒரு பொருட்டே இல்லை. பியூட்டேன் அப்படி அல்ல. அது கொதிப்பது பூஜ்ஜியத்துக்கு ஒரு அரை டிகிரி கீழே. கலவையிலிருந்து சுறுசுறுப்பான புரப்பேன்தான் முதலில் அதிகமாக வெளியேறும். சிலிண்டர் தீரத் தீர உள்ளே தங்குவது பெரும்பாலும் சோம்பேறி பியூட்டேன். திரவம் குறைவதால் சிலிண்டர் இன்னும் வேகமாகக் குளிரும். அதனால்தான் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் ஐஸ் போல வெள்ளைப் படலம், உள்ளே நாலு கிலோ இருந்தும் அடுப்பில் தீ இல்லை.

வீட்டு அடுப்பில் இது அவ்வளவாகத் தெரியாது. அது மணிக்கு 200 கிராம் அளவுதான் குடிக்கும். மணிக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ குடிக்கும் ஹை பிரஷர் அடுப்பில்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

மாமா என்ன செய்திருந்தார் தெரியுமா? "பாவம், அதுக்கும் குளிரும்ல" என்று சிலிண்டரைச் சுற்றி ஒரு பழைய கம்பளியைக் கட்டி வைத்திருந்தார்! மனுஷனுக்குள் சூடு உற்பத்தியாகிறது, அதைக் கம்பளி வெளியே விடாமல் காக்கிறது. சிலிண்டருக்குள் சூடு உற்பத்தியாவதில்லை. அது வெளியே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டைத்தான் நம்பியிருக்கிறது. கம்பளி அதையும் தடுத்துவிடும்.

"மாமா, மொதல்ல அந்தக் கம்பளிய அவுருங்க."

"அப்ப அத்தை சொன்ன மாதிரி சுடுதண்ணி அண்டாவுல சிலிண்டர இறக்கி வெச்சிரலாமா மாப்ள?"

"ஐயோ, அது வேண்டவே வேண்டாங்க."

இதை மலைப்பகுதியில் நிறையப் பேர் செய்கிறார்கள். சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைப்பது, படுக்கப் போடுவது, குலுக்குவது, கவிழ்ப்பது. சூடு அளவு மீறினால் உள்ளே அழுத்தம் எகிறும். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே ட்யூபில் ஓடிவந்து அடுப்பில் ஆள் உயரத்துக்குத் தீ கிளம்பும். ஒரு அண்டா டீக்காக இந்த ரிஸ்க் தேவையே இல்லை. சரியான வழி, அதே வேலையை ரெண்டு சிலிண்டருக்குப் பிரித்துக் கொடுப்பது. ஏஜென்சி ஆளை வைத்து ரெண்டு சிலிண்டரை ஒரே லைனில் இணைத்தால், ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் ஆவியானால் போதும். குளிர்வதும் பாதியாகிவிடும். பெரிய ஆர்டர் அன்றைக்குத் தீரப்போகிற சிலிண்டரைக் கவுண்டருக்கு மாற்றிவிட்டு, புதுச் சிலிண்டரை அண்டாவுக்கு வைப்பது இன்னும் சுலபம். செலவே இல்லை.

அமெரிக்காக்காரனின் அண்டா

இந்தக் கவலை மாமாவுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்குப் பிறகு அங்கே அது ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு. அவர்கள் ஒரு தடவைக்குக் காய்ச்சும் அளவு பெரும்பாலும் 5 காலன், அதாவது 19 லிட்டர். மாமாவின் அண்டா அளவேதான்! முளைகட்டிய பார்லியை ஊற வைத்து எடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். வீட்டு அடுப்பில் கொதிநிலைக்கு வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்பதால், வாசலில் புரப்பேன் பர்னர் வைத்துக் காய்ச்சுகிறார்கள். பனிக்காலத்தில் அவர்களுக்கும் இதே புலம்பல்தான், கொதிக்கவே மாட்டேன் என்கிறதே என்று.

நம்ம ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டுப் பார்லி வாங்கக் கிளம்ப வேண்டாம். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். இத்தனைக்கும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் குளிரை நம்பி இதே நீலகிரியில் பீர் ஆலைகள் நடத்தினார்கள். இன்று வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அருவங்காட்டில்தான் காசில் ப்ரூவரி என்று ஒன்று இருந்தது. அந்தக் கதை போகட்டும். பீரோ டீயோ, இருபது லிட்டரைச் சீக்கிரம் கொதிக்க வைக்கும் வித்தை ஒன்றுதான்.

மருமகனின் நாலு நாள் ஆராய்ச்சி

மருமகன் மொபைலில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். புதுச் சிலிண்டர், பழைய முறை: இருபது லிட்டர் கொதிக்க 38 நிமிஷம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம். அதுதான் அவன் வைத்த விதி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாதே.

முதல் நாள், மூடி. மாமா அண்டாவை மூடுவதே இல்லை. "மூடுனா எப்படித் தெரியும் கொதிச்சிருச்சான்னு?" சூடு ஏற ஏற ஆவியாகப் பறந்து போவது எல்லாம் காசு கொடுத்து வாங்கிய சூடுதான். ஒரு தட்டைப் போட்டு மூடியதும் 34 நிமிஷம். (பாலுக்கும் சர்க்கரைச் சாற்றுக்கும் இதைச் செய்யக்கூடாது. பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.)

ரெண்டாம் நாள், காற்று. கடை வாசலில் வீசும் மலைக்காற்று தீயை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பழைய எண்ணெய் டின்னை வெட்டி மூன்று பக்கம் தகரத் தடுப்பு வைத்தான். அடியில் நாலு விரல் இடைவெளி விட்டான். தீக்குக் காற்று வேண்டுமே! சிலிண்டர் தடுப்புக்கு வெளியே, தள்ளி. 31 நிமிஷம்.

மூன்றாம் நாள், தீயின் நிறம். அண்டாவின் அடி கரிபிடித்துக் கிடந்தது. கரி என்றால் கேஸ் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம், அதாவது காசு அண்டாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெட்டில் அடைப்பு, பர்னர் குழாயில் சிலந்திக் கூடு. ரெண்டையும் சுத்தம் செய்து, காற்று நுழையும் தகட்டைத் திருப்பித் தீ நீலமாகும் வரை சரி செய்தான். கரியையும் தேய்த்து எடுத்தான். அப்புறம் உயரம். அண்டா பர்னரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. தீயின் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன நீலக் கூம்பு குளிர்ந்த பாத்திரத்தில் இடித்தால் எரிவது பாதியில் நின்றுபோகும். ரொம்பத் தள்ளினாலும் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். கூம்பின் நுனி படாமல், அதற்குக் கொஞ்சம் மேலே அண்டா இருக்கும்படி மூன்று இரும்புத் துண்டு வைத்தான். 27 நிமிஷம்.

நாலாம் நாள் செய்தது அவனுடைய ஐடியா இல்லை, அத்தையுடையது. "ஏனுங்க, கவுண்டர்ல பாய்லர் நாலு மணியிலருந்து கொதிச்சிட்டே கெடக்குது. அதுல இருந்து மொண்டு ஊத்துனா ஆவாதா?"

பையன் வாயடைத்துப் போனான். நம்ம ஊர் டீக்கடைப் பாய்லர் சாதாரணப் பொருள் இல்லை. நடுவில் கரி எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். தீ தண்ணீருக்கு நட்ட நடுவில் இருப்பதால் சூடு தண்ணீர் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். அண்டா அடுப்பிலோ பாதிச் சூடு பக்கவாட்டில் தப்பித்து ஓடுகிறது. பாய்லரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு சுடுதண்ணீர், மீதி டிரம் தண்ணீர். 10 டிகிரியில் ஆரம்பிக்க வேண்டிய அண்டா 35 டிகிரியில் ஆரம்பித்தது. 19 நிமிஷம்!

முப்பத்தெட்டிலிருந்து பத்தொன்பது. சரிபாதி. புது அடுப்பும் வாங்கவில்லை, பெரிய ரெகுலேட்டரும் வாங்கவில்லை. எடுத்த உடனே "பெரிய பர்னர் வாங்கு" என்பதுதான் எல்லாரும் சொல்லும் யோசனை. பெரிய பர்னர் கேஸை அதிகமாகக் குடிக்கும், சிலிண்டர் இன்னும் சீக்கிரம் உறையும். இந்தக் குளிருக்கு அது வைத்தியம் இல்லை.

கொதித்தால் மட்டும் போதுமா?

ஒரு விஷயத்தில் மட்டும் மலையை ஜெயிக்க முடியாது. தண்ணீர் 93 டிகிரிக்கு மேல் போகவே போகாது. தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகமாகும், சூடு ஏறாது. 1835இல் ஆண்டிஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வின் இதை எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்க அடுப்பிலேயே கிடந்த உருளைக்கிழங்கு காலையில் பார்த்தால் கல் மாதிரி இருந்ததாம். கூட வந்தவர்கள் பேசிப் பேசி, புதுப் பாத்திரம்தான் சரியில்லை என்று முடிவு கட்டினார்களாம். நம்ம மாமா கேஸ்காரரைத் திட்டியது மாதிரியேதான்!

ஊட்டி உருளைக்கிழங்கு விளையும் ஊரிலேயே அதைத் திறந்த பாத்திரத்தில் வேக வைக்க அதிக நேரம் பிடிக்கும். அதற்குத்தான் குக்கர். டீத்தூளுக்கு 93 டிகிரி தாராளம், அந்தக் கவலை இல்லை. கொதி வந்தபிறகு தீயைப் பாதியாகக் குறைத்துவிடலாம். மெதுவாகக் கொதித்தாலும் தளதளவென்று கொதித்தாலும் சூடு ஒன்றுதான். குறைத்த கேஸ் மட்டும் மிச்சம்.

அந்தத் தலைவலி

இனி முதலில் சொன்ன தலைவலி. நாலு நாளும் நேரம் குறிக்கும்போது பையன் இன்னொன்றையும் கவனித்தான். விடியற்காலை வேலை முடிந்ததும் அத்தை தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். லேசான மயக்கம், குமட்டல். "குளிர் ஒத்துக்கல, மேல வந்ததுலருந்து இப்படித்தான்" என்று ரெண்டு வருஷமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒன்றும் இருக்காது. மேட்டுப்பாளையம் போனால் சரியாகிவிடும்.

காலையில் குளிருக்காக மாமா ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, ஜன்னலில் சாக்கை அடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். உள்ளே கரி பாய்லர், கூடவே மஞ்சளாக எரியும் கேஸ். அரைகுறையாக எரியும் எதிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனை இல்லை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், இது தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கனவே ஆக்சிஜன் குறைந்த மலைக்காற்றில் இது இன்னும் மோசம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு மூட்டிவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தி பல தடவை பேப்பரில் வந்திருக்கிறது.

பையன் ஒன்றும் பேசாமல் போய் ஷட்டரை முழுசாக மேலே தூக்கினான். ஜன்னல் சாக்கைப் பிடுங்கினான். குளிர் காற்று உள்ளே பாய்ந்தது.

"டேய், குளிருதுடா!"

"குளிரட்டும் மாமா. அத்தைக்கு வந்தது குளிர் தலைவலி இல்ல."

சொன்னதும் மாமாவின் முகம் மாறிப்போனது. ரெண்டு வருஷம்! ஆர்டர் போனதற்குப் புலம்பிய மனுஷன் அன்றைக்கு முழுக்கப் பேசவே இல்லை. மறுநாள் காலை அடுப்பு கடைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு வந்தது. பாய்லர் வாசல் பக்கம் போனது. ஷட்டர் முழுசாகத் திறந்தது. மாமா அதே பழைய கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு டீ ஆற்றினார். கடைசியில் கம்பளி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு வாரத்தில் அத்தையின் காலைத் தலைவலி நின்றது. தைலப் பாட்டில் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

இப்போது யாராவது "வெந்நீர் வைக்கிறதுல என்ன வித்தை?" என்று கேட்டால் மாமா சிரிக்கிறார். அப்புறம் நாலு விஷயம் சொல்கிறார்: மூடு, காத்த மறை, தீ நீலமா இருக்கான்னு பாரு, சுடுதண்ணிய கலந்து ஏத்து. கொஞ்சம் நிறுத்திவிட்டு அஞ்சாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்.

"எவ்ளோ குளிருனாலும் கதவ மட்டும் சாத்தாத கண்ணு."